சூப்பர் மார்க்கெட்டா, மளிகைக்கடையா, மண்டியா? காரைக்குடி வட்டாரத்தில் சாமான் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இப்போது நாலு வகைக் கடைகள் போட்டி போடுகின்றன. வெளியூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் பெரிய சங்கிலிக் கடைகள் ஒரு வகை. இரண்டு மூன்று கிளைகளோடு நிற்கும் உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டுகள் இன்னொன்று. பிறகு, சிட்டை (சாமான் பட்டியல்) எழுதிக் கொடுத்தால் சாமான் கட்டி வைக்கும் பழைய மளிகைக்கடைகள். கடைசியாக அரிசி, மிளகாய், எண்ணெய் என ஒரே சரக்கை விற்கும் மண்டிகளும் மில்களும். எந்தக் கடையின் பெயரும் இங்கே இல்லை. கிளைக்குக் கிளை சரக்கு மாறுவதால் பெயரை நம்பிப் போவதில் பயன் குறைவு. சரக்கைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மொத்தத்தில் எந்தக் கடை மலிவு?

எல்லாச் சாமானுக்கும் மலிவான கடை எதுவும் கிடையாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்பு, வெங்காயம் போன்ற சில பொருள்களின் விலை எல்லா வீட்டிலும் மனப்பாடம். சங்கிலிக் கடைகள் இவற்றைக் கொள்முதல் விலையை ஒட்டியே விற்று ஆளை உள்ளே இழுக்கும். விட்ட லாபத்தை, யாரும் விலை நினைவில் வைக்காத பொருளில் எடுக்கும்: 50 கிராம் மசாலாப் பாக்கெட், முந்திரி திராட்சை, பூஜைச் சாமான், பிளாஸ்டிக் டப்பா. ஐந்து பொருளின் விலையைப் பார்த்து "அந்தக் கடை மலிவு" என்று முடிவு கட்டினால், கடைக்காரர் எதிர்பார்த்ததைத்தான் நாம் செய்கிறோம்.

சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்ற கம்பெனிச் சரக்கு சங்கிலிக் கடையில் மலிவு. மொத்தமாக எடுப்பதால் அவர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி கிடைக்கிறது. அரிசி, மிளகாய், கறி மசாலாச் சாமான், நல்லெண்ணெய் நாலும் அங்கே வாங்க வேண்டியவை அல்ல என்பதே எங்கள் கருத்து. பருப்பு வகை கடைக்குக் கடை மாறும்.

இரண்டு கடை விலையைச் சரியாக ஒப்பிடுவது எப்படி?

உங்கள் வீட்டு மாதச் சிட்டையை எடுத்து, அதிகப் பணம் போகும் 15 பொருளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு, தீப்பெட்டியெல்லாம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேராக பாக்கெட் விலையை எழுதாமல், கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கடையிலும் பாருங்கள். ஆஃபர் நாளையும் சாதாரண நாளையும் கலக்காதீர்கள்.

பாக்கெட் விலையை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய், பிஸ்கட், பருப்பு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்ற விதி 2022இல் நீங்கியது. அதனால் 850 மி.லி. எண்ணெய் பாக்கெட் ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அதே பருமனில் நிற்கிறது. 850 மி.லி. 128 ரூபாய், 1 லிட்டர் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மலிவு போலத் தெரியும். கணக்குப் போட்டால் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல் வருகிறது. எண்ணெய்க்கு இன்னொரு அடையாளம் எடை: ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். பாக்கெட்டில் எடை 800, 870 என்று இருந்தால் அது முழு லிட்டர் இல்லை.

கிராமுக்கு, கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பொடி எழுத்தில், எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பாருங்கள். அது எம்ஆர்பியைக் கொண்டு போட்ட கணக்கு, கடை விற்கும் விலையைக் கொண்டு அல்ல.

பில்லின் அடியில் "நீங்கள் சேமித்தது 412 ரூபாய்" என்று வருகிறதே?

அந்த வரியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடலாம். எம்ஆர்பிக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. கடை தன் சொந்தப் பெயரில் அடைக்கும் பருப்புப் பாக்கெட்டில் எம்ஆர்பி 240 என்று அச்சிட்டு 165க்கு விற்றால் 75 ரூபாய் "சேமிப்பு" காட்டும். அதே பருப்பு பக்கத்து மளிகைக்கடையில் 160க்கு இருக்கலாம். அங்கே சேமிப்பு என்று எதுவும் அச்சாகாது. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதையும் இரண்டு பாக்கெட்டின் மொத்த எடையால் வகுத்துப் பார்த்தபின் நம்புங்கள்.

ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் அலட்சியம்தான். பலன் ஏமாற்றுவது போலவே இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. விலை தலைமை அலுவலகக் கணினியில் மாறிவிடும். ரேக்கில் ஒட்டிய சீட்டை மாற்ற கிளையில் ஆள் இருக்காது. இன்னொன்று, ஒரே பார்கோடில் பழைய எம்ஆர்பி சரக்கும் புது எம்ஆர்பி சரக்கும் சேர்ந்து இருக்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு விலை வரும், கேஷ் கவுன்டர் பையன் அவசரத்தில் மேலே இருப்பதைத் தட்டிவிடுவார்.

2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது இந்தக் குழப்பம் நிறைய நடந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. வரியோடு 118 ரூபாய் இருந்த சோப்பு 105க்கு வர வேண்டும். துணி துவைக்கும் பவுடருக்கு 18 அப்படியே நீடிப்பதால், அதில் விலை குறையவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கடையை விட்டு வெளியே போகுமுன் பில்லில் இரண்டு இடம் பாருங்கள்: எண்ணிக்கை, எம்ஆர்பி. பாக்கெட்டில் உள்ள எம்ஆர்பியும் பில்லில் உள்ளதும் வேறாக இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். வீட்டுக்குப் போய் அழைத்தால் "பாக்கெட்டைக் கொண்டு வாங்க" என்பார்கள், அது நியாயமும்கூட.

கறி மசாலாச் சாமான் எங்கே வாங்குவது?

செட்டிநாட்டுச் சமையலுக்குச் சங்கிலிக் கடை மசாலா ரேக் போதாது என்று ஊரில் சொல்வது வெறும் பழமைப் பேச்சு இல்லை. முதலில் விலை. 25 கிராம் கல்பாசி 45 ரூபாய் என்றால் கிலோ 1,800 ஆகிறது. நாட்டு மருந்துக் கடையிலோ பழைய மளிகைக்கடையிலோ 100 கிராமாகக் கேட்டு ஒப்பிடுங்கள். அடுத்தது முகர்ந்து பார்க்கும் வசதி. மூடிய பாக்கெட்டில் நிறம் தெரியும், மணம் தெரியாது. மசாலாவில் நாம் காசு கொடுப்பது மணத்துக்குத்தான்.

கல்பாசி ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பல் வெள்ளையாகவும் இருக்கும். எடையில்லாத பொருள் என்பதால் அடியில் தங்கும் தூளும் மரப்பட்டைத் துணுக்கும் சேர்ந்தால் நஷ்டம் பெரிது; பாக்கெட்டைக் கவிழ்த்துத் தூளைப் பாருங்கள். கடையில் "பட்டை" என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த, கெட்டியான காசியா. இலங்கைச் சுருள் பட்டை மெல்லிய பல அடுக்காக இருக்கும், விரலால் நொறுங்கும். கறிக்குத் தடித்த பட்டையே காரமாக எடுபடும், அதில் குறை இல்லை; சுருள் பட்டை விலை கொடுத்துத் தடித்ததை வாங்காமல் இருந்தால் சரி. கிராம்பை நீரில் போடுங்கள்: மூழ்கினாலோ நட்டுக்குத்தாக நின்றாலோ நல்லது, படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. மிளகு மூழ்க வேண்டும். மிதப்பது பப்பாளி விதையோ உள்ளீடற்ற மிளகோ. கசகசா பழசானால் சிக்கு வாடை அடிக்கும், நாலு மணியை மென்றால் தெரிந்துவிடும். அதிக விலைச் சரக்கு, மெதுவாக விற்பது. அதனால் அடைத்த மாதத்தைக் கட்டாயம் பாருங்கள்.

மிளகாய்க்கு இங்கே இன்னும் மண்டிதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு (குண்டு) மிளகாய் விளையும் நிலம் நமக்குப் பக்கத்து மாவட்டம். அதை விட்டுவிட்டு ஊர் பெயர் இல்லாத 200 கிராம் பாக்கெட் எதற்கு? குண்டு மிளகாயைக் காதருகே குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஈரம் இருக்கிறது. எடையும் ஏமாறும், பூஞ்சையும் பிடிக்கும். காம்புப் பக்கம் கறுத்தோ, உள்ளே வெள்ளை படர்ந்தோ இருந்தால் மூட்டையே வேண்டாம். ஏசி கடையிலிருந்து பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து அப்படியே வெயிலில் வைத்த மிளகாய் வியர்த்துப்போகும். பிரித்துக் கொட்டித்தான் காயவைக்க வேண்டும்.

அரைக்கக் கொடுக்குமுன் ஒன்றிரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். மில்லில் உங்களுக்கு முன் அரைத்தது கோதுமையா மிளகாயா என்று கேளுங்கள். முதலில் விழும் ஒரு கைப்பிடி அடுத்தவர் தூள். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் கட்டி பிடிக்கும். தாளில் பரப்பி ஆறிய பிறகு அடையுங்கள்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ?

வரிக்காகத்தான். 2022 ஜூலை 18 முதல் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. 25 கிலோவைத் தாண்டிய ஒற்றைச் சிப்பத்துக்கு அந்த வரி இல்லை. உடனே மில்காரர்கள் 26 கிலோ சிப்பம் கட்டினார்கள். கண் முன்னே மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சில்லறை அரிசிக்கும் வரி கிடையாது. ஆகவே 5 கிலோ, 10 கிலோ பாக்கெட் வாங்குவோர்தான் வரி கொடுக்கிறார்கள். ஒரு சிப்பத்தை இரண்டு வீடு பங்கு போட்டுக்கொள்வது இப்போது பல தெருக்களில் வழக்கம். விலை கேட்கும்போது "25ஆ 26ஆ" என்று கேட்காமல் ஒப்பிட்டால் ஒரு கிலோ விலை பிசகும்.

காரைக்குடிக்குப் பக்கத்திலேயே புதுவயலில் அத்தனை அரிசி மில்கள் இருக்க, சூப்பர் மார்க்கெட்டில் மூடிய பையில் அரிசி வாங்குவது நமக்கு அவசியமில்லை. மில்லிலோ மண்டியிலோ ஒரு கைப்பிடி கேட்டுக் கொண்டுபோய் வீட்டில் வடித்துப் பார்த்துவிட்டுச் சிப்பம் எடுக்கலாம். புது அரிசி குழையும், கஞ்சி தடிக்கும், தண்ணீர் குறைவாக வைக்க வேண்டும். பழைய அரிசி பொலபொலவென்று வடிந்து அளவிலும் கூடும். பையில் உள்ள தேதி அடைத்த தேதி. நெல் எப்போது அறுத்தது என்பது அதில் இருக்காது.

கவுனி அரிசி சாயம் போகிறது. கலப்படமா?

இல்லை. கறுப்புக் கவுனியின் நிறம் தவிட்டில் இருக்கிறது, ஊறவைத்த நீர் கருஞ்சிவப்பாக மாறுவது இயல்பு. நீர் நிறம் மாறவே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும். உடைந்த அரிசியும் முழு அரிசியும் ஒரே விலையில் இருந்தால் முழுசாகவே எடுங்கள், இடித்துப் பொங்க வேண்டுமானால் வீட்டிலேயே உடைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவே ஊறவைக்காவிட்டால் எந்தக் கடைக் கவுனியும் வேகாது. "கடை அரிசி சரியில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

எண்ணெய் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தீப எண்ணெய். நல்லெண்ணெய் பாக்கெட் போலவே நிறம், பெயர், படம் எல்லாம் இருக்கும். பல கடைகளில் ஒரே ரேக்கில் அடுக்கியும் வைக்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துத் தாளிப்பவர்கள் இருக்கிறார்கள். உணவு எண்ணெய் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். விளக்குக்கானதில் "உணவுக்கு அல்ல" என்ற பொருளில் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். வயதானவர்கள் தனியாகக் கடைக்குப் போகும் வீடுகளில் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

செக்கெண்ணெய் வாங்கும் இடத்தில் எப்போது ஆட்டியது என்று கேளுங்கள். அடியில் கசடு படிவது குற்றமல்ல. சிக்கு வாடைதான் குற்றம்.

பால், மாவு, ஐஸ்கிரீம், காய்கறி?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் குளிர்பெட்டிச் சாமான் வாங்காதீர்கள். ஜெனரேட்டர் விளக்குக்கும் பில் இயந்திரத்துக்கும் ஓடும், குளிர்பெட்டிக்கு ஓடுகிறதா என்பது கடையைப் பொறுத்தது. இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிடும் கடையும் உண்டு. அடையாளம்: ஐஸ்கிரீம் டப்பா மூடியின் உள்ளே பனித்தூள் தடித்திருக்கும், வடிவம் கோணியிருக்கும். உருகி மறுபடி உறைந்தது அது. இட்லி மாவுப் பாக்கெட் உப்பியிருந்தால் புளித்துவிட்டது. பாலுக்கும் குளிர்பானத்துக்கும் "கூலிங்" என்று எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தரத் தேவையில்லை, சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

காய்கறிக்குச் சந்தை நாளே நல்லது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கத்தான் வேண்டுமென்றால், சரக்கு இறங்கும் கிழமையும் நேரமும் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்குப் போங்கள். தள்ளுபடி போட்ட கீரையைத் தொடவே வேண்டாம்.

நிறுவையில் சந்தேகம் வந்தால்?

தட்டில் எதுவும் இல்லாதபோது தராசு பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அட்டைப் பெட்டியோ கூடையோ வைத்தால் அதன் எடையைக் கழித்த பிறகே சரக்கு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எடையளவுத் துறை முத்திரை போட வேண்டும். சான்று கடையில் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். கடையே நிறுத்து ஒட்டும் சீட்டில் பொருளின் பெயரைப் படியுங்கள். எண்ணை மாற்றித் தட்டினால் சாதா முந்திரிக்கு முழு முந்திரி விலை விழும். எடையைச் சோதிப்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

விசேஷத்துக்குச் சாமான் எடுக்க எது வசதி?

சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) எதுவானாலும் சமையல்காரர் சிட்டையை வைத்துப் பழைய மளிகைக்கடையில் எடுப்பதே மேல். காரணம் விலை அல்ல. மிச்சச் சாமான். பிரிக்காத பாக்கெட்டையும் மூட்டையையும் மளிகைக்கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கில் கழிப்பார். சங்கிலிக் கடையில் பில் போட்டால் போட்டதுதான். விசேஷச் சிட்டையில் எப்போதும் கொஞ்சம் கூட்டியே எழுதுவார்கள் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி சுமார் 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை முதல் மூன்று கிலோ என்பது பொதுக் கணக்கு. இதைவிட அதிகமாகச் சிட்டையில் இருந்தால் சமையல்காரரிடம் கேட்பதில் தவறில்லை. டிபனுக்கும் சேர்த்து எழுதியிருக்கலாம். "தேவைக்கு" என்று எழுதிய பொருள்களுக்கு அளவு போடச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஆளை விரட்டி எம்ஆர்பி விலையில் வாங்குவது அவற்றைத்தான்.

இரண்டு வாரம் முன்பே சிட்டையை இரண்டு கடையில் கொடுத்து விலை போட்டு வாங்குங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். முந்திரி, ஏலக்காய், நெய் மூன்றின் ரகத்தைப் பாருங்கள். விலை குறைத்த கடை பெரும்பாலும் அங்கேதான் ரகத்தைக் குறைத்திருக்கும். பேப்பர் தட்டு, கப், சோப்பு, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை மட்டும் சங்கிலிக் கடையில் எடுக்கலாம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி போன்ற ஊர்களுக்குச் சாமான் கொண்டுவந்து தருவார்களா?

கடையைப் பொறுத்தது. குறைந்தபட்ச பில் தொகை, வண்டிக் கூலி, எந்தக் கிழமை என்ற மூன்றையும் முன்பே கேளுங்கள். பெரிய வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆர்டர் போடும் வீடுகளில் ஒரு சிக்கல் வரும்: இல்லாத சரக்குக்குப் பதில் வேறொன்றை அனுப்பிவிடுவார்கள். "இல்லாவிட்டால் விட்டுவிடவும்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஆச்சிக்குப் பழக்கமான மளிகைக்கடை போனில் சிட்டை எழுதிக்கொண்டு மாதக் கணக்கும் வைக்கும் என்றால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினாலும் அதுவே லாபம்.

வெளியூர் போகிறவர்களுக்குப் பலகாரம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாமா?

வேண்டாம். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை எல்லாம் போட்டு விற்கும் வீடுகளும் கடைகளும் ஊர் முழுக்க இருக்கின்றன. என்றைக்குச் சுட்டது, எந்த எண்ணெய் என்று கேட்டு வாங்கலாம்.

பாயின்ட் கார்டு உண்டா, போன் நம்பர் கட்டாயமா?

நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட் 50 காசு என்றால் அது அரை சதவீதத் தள்ளுபடி. அதற்காக இன்னொரு தெருவுக்குப் போக வேண்டியதில்லை. பில் போடப் போன் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் இல்லாமல் போடுங்க" என்றால் போடத்தான் செய்வார்கள்.

ரேஷன், கூட்டுறவு அங்காடியை விட்டுவிடலாமா?

துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறெங்கும் கிடைக்காது. கார்டில் உள்ளதை வாங்கிய பிறகே கடைச் சிட்டையை எழுதுங்கள்.

கெட்ட சரக்கைத் திரும்ப எடுக்க மறுத்தால்?

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள சரக்குக்கு அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது.

பில்லையும் பாக்கெட்டையும் தேதி தெரியப் படம் எடுத்துவிட்டு முதலில் கிளை மேலாளரிடம் காட்டுங்கள். பத்தில் ஒன்பது அங்கேயே முடியும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புழு, பூஞ்சை, காலாவதி போன்றவற்றுக்குத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் எண் 94440 42322. எடை, எம்ஆர்பி விவகாரத்துக்குத் தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவு ஆய்வாளர். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நாளானால் எழுத்து மங்கும் வெப்பத்தாள் பில்லை நகல் எடுத்து வையுங்கள். சட்டைப் பையில் இரண்டு மாதம் கிடந்தால் வெறும் தாள்தான் மிஞ்சும்.

கடைப் பைக்குக் காசு கேட்கிறார்களே?

பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை. துணிப்பைக்குக் காசு என்றால் பில் போடுமுன் சொல்ல வேண்டும். சொல்லாமல் கடைசியில் சேர்ப்பது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. இரண்டு மஞ்சப்பையும், எண்ணெய்க்கு ஒரு தூக்குவாளியும் வண்டியிலேயே கிடக்கட்டும்.